பழைய டூ சீட்டர் ஓப்பன் கார்: மைலேஜை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

ரெடிங்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ரெடிங்கில் இருக்கிறேன், வேலை ஸ்லவ்வில். வாரத்தில் மூன்று நாள் எம்4 மோட்டார்வே வழியாகப் போய் வர வேண்டும், ஒரு தடவைக்கு 20 மைல் பக்கம். அம்மா வெம்பிளியில் அக்கா வீட்டில் இருப்பதால் மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவேன். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 8,000 மைல் வரும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, அது மனைவிக்கும் குழந்தையின் ஸ்கூலுக்கும் வேண்டும். எனக்கென்று கூரை திறக்கிற டூ சீட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள், ஒரே நிபந்தனை, மாதாமாதம் கையைக் கடிக்கக் கூடாது.

பார்த்து வைத்திருப்பவை நான்கு. 2009 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின், 74,000 மைல் ஓடியது, 4,200 பவுண்டு. 2016 எம்எக்ஸ்-5, 1.5 எஞ்சின், 9,000 பவுண்டு. 2003 டொயோட்டா எம்ஆர்2, 3,000 பவுண்டு. அப்புறம் மனசு கேட்காமல் 2006 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் ஒன்று, 7,500.

மைலேஜ்தான் குழப்புகிறது. எம்எக்ஸ்-5க்கு ஒருவர் 25 எம்பிஜி (ஒரு கேலனுக்கு இத்தனை மைல்) என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார், கம்பெனி சொன்ன கணக்கு 47 என்று போட்டிருக்கிறது. ஊரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தே பழகியவன். எதை நம்புவது? பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக 1.5ஐ வாங்கினால் போட்ட பணம் திரும்ப வருமா?

ஹரோ மெக்கானிக்:

தம்பி, முதலில் அந்த 25ஐயும் 40ஐயும் பிரித்துப் பார்ப்போம். 25 என்று எழுதியவர் அமெரிக்காக்காரராக இருக்கக்கூடும். அவர்களின் கலன் 3.785 லீற்றர், எங்களுடையது 4.546. அவர்களின் 25 எங்களுக்கு 30. இணையத்தில் எம்எக்ஸ்-5ஐ மியாட்டா என்று எழுதியிருந்தால் அது அங்கத்தைய கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 என்பது பழைய ஆய்வுகூடச் சோதனையில் வந்த எண், ரோட்டில் அது வராது. உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் 40 எம்பிஜி என்பது லீற்றருக்கு 14 கிலோமீற்றர், 30 என்றால் பத்தரை.

இனிக் கணக்கு. பெற்றோல் லீற்றர் 140 பென்ஸ், 8,000 மைல். 1.5 எஞ்சின் உங்களுடைய ஓட்டத்துக்கு 40 தரும், வருடம் 1,270 பவுண் பெற்றோல். 1.8 எஞ்சின் 33 தரும், 1,540 பவுண். வித்தியாசம் 270. ரோட் டாக்ஸில் 1.5க்கு 200க்குள் முடியும், 1.8க்கு 300ஐத் தாண்டும், அதில் ஏறக்குறைய 120. இரண்டையும் கூட்டினால் வருடம் 390 பவுண் மிச்சம், சரி. ஆனால் வாங்கும்போது நீங்கள் 4,800 பவுண் கூடக் கொடுக்கிறீர்கள். அது திரும்பி வர 12 வருடம் பிடிக்கும். பெற்றோலுக்காக மட்டும் 1.5 வாங்குவதென்றால் வாங்காதீர்கள்.

பாக்ஸ்டர் எஸ் 25 தந்தால் நல்லது. அதற்கு 98 ஒக்டேன் ஊற்றச் சொல்லித்தான் கம்பெனி சொல்கிறது, 155 பென்ஸ் என்று போட்டாலும் வருடம் 2,250 பவுண். முன்னுக்கும் பின்னுக்கும் ரயர் அளவு வேறு என்பதால் மாற்றிப் போட்டு ஓடவும் முடியாது. இதையெல்லாம் தாங்கலாம் என்றாலும் லொக் புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், திகதியை வடிவாகப் பாருங்கள். 2006 மார்ச் 23க்கு முதல் பதிந்த காருக்கு, கரியமிலவாயு எவ்வளவு கூட விட்டாலும், டாக்ஸ் 400 சொச்சத்தோடு நிற்கும். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பதிந்திருந்தால் அதே கார், அதே எஞ்சின், 700க்கு மேல். விற்கிறவர் "2006 மொடல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எம்ஆர்2 எனக்கு மிகப் பிடித்த கார், ஒரு டன்கூட இல்லை, திருப்பத்தில் அவ்வளவு இலகு. ஆனால் அதில் எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குள்ளேயே, புகையைச் சுத்தமாக்கும் சின்ன கட்டலிஸ்ட் இருக்கிறது. அது நொறுங்கினால் தூளை எஞ்சின் உள்ளே இழுத்துவிடும், பிறகு எண்ணெய் குடிக்கத் தொடங்கும். முதல் சில வருடங்களில் வந்தவற்றில் பிஸ்டன் ரிங்கிலும் சிக்கல் உண்டு. வாங்கினால் அதைப் பிரித்துப் பார்த்தவரிடம் வாங்குங்கள். பூட் என்று ஒன்று கிடையாது, சீற்றுக்குப் பின்னால் ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான்.

ரெடிங்வாசி:

அண்ணா, மிக்க நன்றி. 12 வருஷம் என்று பார்த்ததும் தலை தெளிந்துவிட்டது. எம்ஆர்2 விலை குறைவு என்பதால் அதன் மேல் இன்னும் ஒரு கண் இருக்கிறது. வெம்பிளிக்குப் போவதால் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்கு லண்டனில் வாங்கும் கட்டணம், கட்ட வேண்டி வருமா?

ஸ்லவ் அக்கா:

2023 ஆகஸ்ட் 29லிருந்து லண்டனின் எல்லா பரோவும் (வட்டாரமும்) யூலெஸ்ஸுக்குள் வந்துவிட்டது, வெம்பிளியும் உள்ளேதான். பெட்ரோல் கார் யூரோ 4 புகைத் தரத்தில் இருந்தால் கட்ட வேண்டாம். 2009, 2016 இரண்டுக்கும் கவலை இல்லை. 2003 காரை நம்பர் பிளேட் போட்டு லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள், ஒரே மாடலில் ஒன்று தேறும், இன்னொன்று தேறாது. தேறாவிட்டால் நாளுக்கு 12.50. சனி போய் ஞாயிறு திரும்பினால் இரண்டு நாள் கணக்கு, மாதம் இரண்டு தடவை, வருஷத்துக்கு 600 பவுண்டு. மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

நான் ஆறு வருஷமாக எம்எக்ஸ்-5 1.8 வைத்திருக்கிறேன், அதனால் என் அனுபவத்தையும் சொல்கிறேன் தம்பி. ஒவ்வொரு முறையும் டாங்க் நிரப்பி, மைல் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ரசீதின் பின்னால் மைலை எழுதி வைப்பேன். பெரும்பாலும் 33, 34 வரும். ஒரு பிப்ரவரியில் 31 ஆனது, குளிர்தானே என்று விட்டேன். ஏப்ரலில் வெயில் வந்த பிறகும் 28. பெட்ரோல் பங்க்கை மாற்றினேன், டயரில் காற்று பார்த்தேன், ஏர் ஃபில்டர் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கராஜில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று 180 பவுண்டு வாங்கினார்கள். அடுத்த டாங்க்கும் 28தான்.

கடைசியில் கண்டுபிடித்தது என் அப்பா. ஊரிலிருந்து வந்திருந்தார். விண்ட்சர் வரை போய் வந்து வண்டியை நிறுத்தியதும், இறங்கி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. இடது பின்சக்கரத்தில் அனல் அடித்தது, கருகின வாசனை வேறு. பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பர் ஒட்டிக்கொண்டு, காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடவே இல்லை. அதாவது மூன்று மாதமாக பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். காலிப்பர், டிஸ்க், பேடு எல்லாம் மாற்றிய பிறகு முதல் டாங்க்கிலேயே 33. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவதால் இந்தக் காரில் பின் காலிப்பர் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதனால் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் 20 நிமிஷமாவது ஓட்டிவிட்டு, இறங்கியதும் சக்கரங்களைப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் கை போதும். சமமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருண்டு போக வேண்டும், யாரோ பின்னால் இழுப்பது போல் நின்றால் வாங்காதீர்கள்.

பிராக்னல் 1.5:

எனக்கு ஹரோ அண்ணாவின் கணக்கில் ஒரு இடம் ஒப்பவில்லை. 9,000 கொடுத்தால் அது கரைந்து போகிற பணம் இல்லை, காரில் நிற்கிறது. நான்கு வருஷம் கழித்து விற்றால் ஒரு பகுதி திரும்ப வரும். நான் எம்4இல் 65க்கு மேல் போவதில்லை, 44 எம்பிஜி எடுக்கிறேன். துருவும் குறைவு. தினசரி வேலைக்குப் போகிற காருக்கு வயசு முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஹரோ மெக்கானிக்:

சொல்வது நியாயம்தான். கையில் 9,000 சும்மா இருந்தால் 1.5 நல்ல தெரிவு. கடன் எடுத்து வாங்குவதென்றால் வட்டி இருக்கிறதே, அது அந்த 390ஐ அப்படியே தின்றுவிடும்.

65இல் போவதைப் பற்றிச் சொன்னது உண்மை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 60இலிருந்து 70க்குப் போனால் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். இந்தக் கார்களில் கூரையைத் திறந்துவிட்டு மோட்டர்வேயில் போனால் அதற்கு மேலும் கொஞ்சம் குடிக்கும், ஆனால் கூரை திறக்கத்தானே வாங்குகிறோம், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அக்கா சொன்ன பிறேக்கோடு இன்னும் மூன்று விசயம் பாருங்கள் தம்பி. ஒன்று, எஞ்சின் சூடாகப் பிந்தினால், மோட்டர்வேயில் ஹீற்றர் இளஞ்சூட்டுக்கு மேல் வராவிட்டால், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் திறந்தபடி நிற்கிறது. குளிர்ந்த எஞ்சின் பெற்றோலைக் கூடக் குடிக்கும். சாமான் விலை குறைவு, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, எம்ஓடி வரலாறு, அதாவது வருடாந்தச் சோதனைப் பதிவு. நம்பர் பிளேட்டைப் போட்டால் அரசாங்கத் தளத்தில் இலவசமாக வரும். பழுது மட்டும் பார்க்காதீர்கள், வருடா வருடம் ஓடிய மைலைப் பாருங்கள். வருடம் 1,000 மைல் ஓடிய காரை "குறைய ஓடினது" என்று பெருமையாக விற்பார்கள். வெளியில் நின்றபடியே இருந்த கார் அது. நின்ற காரில்தான் காலிப்பர் இறுகும், ரயரில் வெடிப்பு விழும், ரப்பர் காயும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். துணிக் கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் சீற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் குழாயால் கீழே போக வேண்டும். இலை குப்பை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள சில்லை உள்ளிருந்து துரு தின்னும். வெளியில் பெயின்ற் பளபள என்று இருக்கும். சீற்றுக்குப் பின்னால் கார்ப்பெற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் திரும்பி வாருங்கள். சில் வெட்டி ஒட்டுவதற்கு நான் வாங்குகிற காசில் நீங்கள் மூன்று வருடம் 1.5க்கும் 1.8க்கும் உள்ள பெற்றோல் வித்தியாசத்தைக் கட்டலாம்.

ரெடிங்வாசி (ஐந்து வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அந்த 4,200 பவுண்டு காரைப் பார்க்கப் போனேன். போகும் முன் எம்ஓடி வரலாறு பார்த்தால் நான்கு வருஷத்தில் 5,000 மைல்கூட ஓடவில்லை, பின் பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கவில்லை என்று இரண்டு முறை எழுதியிருந்தது. இருந்தாலும் நேரில் பார்ப்போம் என்று போனேன். சிவப்பு நிறம், கண்ணாடி மாதிரி மின்னியது. இடது சீட்டுக்குப் பின்னால் கையை வைத்தேன், விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. நேற்று கழுவினோம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிரிஸ்டல் பக்கம் 2010 மாடல் 1.8 ஒன்று கிடைத்தது, 81,000 மைல், 4,600 பவுண்டு. ஓட்டியவர் தினம் வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார், வருஷம் தவறாமல் 6,000, 7,000 என்று ஏறியிருக்கிறது. பெயிண்டில் கல் பட்ட தழும்புகள், டிரைவர் சீட்டின் ஓரம் தேய்ந்திருக்கிறது. கார்ப்பெட் உலர்ந்திருந்தது. ஓட்டி முடித்து நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கை வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே சூடு. வடிகாலில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவரே பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினார். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஒழுகியது. அப்போதே பேசி முடித்துவிட்டேன்.

முதல் முழு டாங்க்: 268 மைலுக்கு 36.8 லிட்டர். 33.1 எம்பிஜி, நம் ஊர்க் கணக்கில் 11.7. அதில் பாதி தூரம் கூரை திறந்துதான் ஓடியது. போன ஞாயிறு அம்மாவை உட்காரவைத்து வெம்பிளியில் ஒரு சுற்று சுற்றினேன், காதை மூடி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, இன்னொரு சுற்று போ என்றார்.

ஹரோ மெக்கானிக்:

மிகச் சந்தோஷம் தம்பி. ஒக்டோபருக்கு முதல் பின் காலிப்பர் இரண்டையும் கழற்றி, அவை நகர்கிற ஸ்லைடர் பின்னைத் துடைத்து, பிறேக்குக்கு என்று விற்கிற கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், அதை நின்று பார்த்துச் செய்வியுங்கள்.