புதுப்பிப்பு: லே பயணத்துக்கு வண்டி முடிவாகிவிட்டது

கோவையிலிருந்து லடாக்கிலுள்ள லே வரை ஆறு பேர் போக பொலேரோவா, பழைய இன்னோவாவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இன்னோவாதான். பொலேரோவின் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தவை. பத்தே நிமிஷத்தில் அம்மாவுக்குக் குமட்டிவிட்டது.

நான்கு டயரும் புதுசு என்று நம்பி வாங்கினேன். ஸ்டெப்னியை மட்டும் எவரும் பார்க்கவில்லை. பக்கச்சுவரில் 2316 என்று இருந்தது, அதாவது 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது! உடனே மாற்றியாச்சு.

கூரை கேரியர் வேண்டாம் என்றவர்கள் சொன்னது சரி. மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி ஆடுகிறது. பின்வரிசையில் பாதியை மடித்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டோம்.

அப்புறம், மணாலி வழி இல்லை. அந்த வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டர் உயரம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம். ஸ்ரீநகர், கார்கில் வழியாக மெதுவாக ஏறுகிறோம்.