ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃப்ளைட் கேன்சல், மாத்திக் கொடுத்த டிக்கெட்டில் செக்கின் ஆகலை, அப்பா அம்மா விசா நாளையோட முடியுது

நெல்லைக்காரி_ஸ்டுட்கார்ட்:
அவசரம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பேத்தியைப் பார்க்க வந்த அப்பா அம்மா ஊருக்குத் திரும்பறாங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து வளைகுடா வழியா சென்னை, அங்கேருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். டிக்கெட் போட்டது தி.நகர்ல ஒரு ஏஜென்சி. நேத்து சாயங்காலம் ரயில்ல மன்ஹைம் தாண்டும்போது மெசேஜ்: ஃப்ளைட் ரத்து. காரணம் கேட்டா "ஆப்பரேஷனல்", அவ்வளவுதான். ஏர்போர்ட்டுக்குப் போய் சண்டை போட்டதும் இன்னிக்குக் காலை ஃப்ளைட்டுக்கு மாத்தி ஒரு தாள் அடிச்சுக் கொடுத்தாங்க. ராத்திரி ஹோட்டலுக்கு எங்க கார்டுலதான் கட்டினோம். காலைல கவுண்டர்ல நின்னா, "பேர் இருக்கு, டிக்கெட் இல்லை, ஏஜென்ட்டைக் கேளுங்க"ன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை, ஏஜென்ட் போனே எடுக்கலை. எங்க கண்ணு முன்னாடியே செக்கினை மூடிட்டாங்க.

இப்போ புதன்கிழமைதான் இடம் இருக்காம். விசாவுல 90 நாள், நாளையோட சரி. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது, வீல்சேர் வேணும். அம்மா காலைலேருந்து "போலீஸ் புடிச்சிருவானோ"ன்னு ஒரே பாட்டு. இதுக்கு நடுவுல, வவுச்சர் தர்றோம், இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டறாங்க. போடலாமா?

இசார்கரை:
போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். விமானப் பயணிகள் உரிமைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி இழப்பீடு என்பது பணம். பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் அதை வவுச்சராகக் கொடுக்க முடியும். அந்தத் தாளை அவ்வளவு அவசரமாக நீட்டுவது அதற்குத்தான்.

பழைய_செக்கின்_ஆள்:
நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு வேலை பார்த்தவன், தூத்துக்குடிக்காரன். உங்களுக்கு நடந்தது என்னன்னு சொல்றேன்மா. ஆறு எழுத்து பி.என்.ஆர். இருக்கே, அது இடத்தைப் பிடிச்சு வைக்கறது மட்டும்தான். காசு கட்டினதுக்கு அடையாளம் 13 இலக்க டிக்கெட் நம்பர், அதுல ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் ஒரு கூப்பன் இருக்கும். நேத்து ராத்திரி மாத்திக் கொடுத்தவர் பி.என்.ஆர்.ல புது ஃப்ளைட்டை ஏத்திட்டார், டிக்கெட்டை ரீஇஷ்யூ பண்ணாம, அதாவது புது ஃப்ளைட்டுக்கு மறுபடி அடிக்காம விட்டுட்டார். பழைய கூப்பன் ரத்தான ஃப்ளைட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. செக்கின் சிஸ்டத்துல பேர் தெரியும், ஆனா போர்டிங் பாஸ் அடிக்காது.

செக்கின் கவுண்டர்ல நிக்கிற பொண்ணுகிட்ட கத்திப் பிரயோஜனம் இல்லை. பாதி இடத்துல அவங்க விமான கம்பெனி ஆளே கிடையாது, ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிற இன்னொரு கம்பெனி. ரீஇஷ்யூ பண்ற அதிகாரம் அவங்க லாகின்ல இருக்காது. டிக்கெட்டிங் டெஸ்க் எங்கேன்னு கேட்டு அங்கே போங்க. "ஏஜென்ட்டைக் கேளு"ங்கறது தட்டிக் கழிக்கற பேச்சு. ரத்தான ஃப்ளைட்டுக்கு மாற்று ஏற்பாடு பண்றது ஃப்ளைட் ஓட்டற கம்பெனி பொறுப்பு, டிக்கெட்டை எவன் வித்திருந்தாலும் சரி.

புதன்கிழமைன்னு சொன்னதையும் ஒத்துக்காதீங்க. கூடிய சீக்கிரம் கொண்டு சேர்க்கணும்னு அந்த 261/2004 விதியோட 8ஆவது பிரிவு சொல்லுது. தன் ஃப்ளைட்ல இடம் இல்லைன்னா வேற கம்பெனியில போடச் சொல்லிக் கேக்கலாம். ஆனா "ஏதாவது பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க. அப்படி வர்றவங்களுக்கு நாங்க திரையில முதல்ல வர்றதைத்தான் கொடுப்போம். இன்னிக்கு ராத்திரி சென்னைக்கு எந்தெந்த ஃப்ளைட்ல ரெண்டு சீட் இருக்குன்னு போன்ல தேடி, ஃப்ளைட் நம்பரோட காட்டுங்க. விசா பக்கத்தையும் திறந்து காட்டுங்க.

கொடுத்ததும் நகராதீங்க. புது டிக்கெட் நம்பரை வாங்கி, அதை வெச்சு அங்கேயே ஆன்லைன் செக்கின் ஆகுதான்னு பாருங்க. அப்புறம் வீல்சேர். கம்பெனி மாறினா அந்தக் கோரிக்கை புது டிக்கெட்டோட சேர்ந்து வராது, புதுசாப் போடணும். படி ஏறுவாரா, மாட்டாரான்னு தெளிவாச் சொல்லுங்க, அதுக்குத் தனித்தனிக் குறியீடு இருக்கு. வெறுமனே "வீல்சேர்"னு போட்டா, பஸ்ல கொண்டுபோய் ஏணிப்படி முன்னாடி இறக்கி விட்டுருவாங்க. சைவச் சாப்பாடும் அதே கதைதான்.

நெல்லைக்காரி_ஸ்டுட்கார்ட்:
அண்ணாச்சி, டிக்கெட்டிங் டெஸ்க் வரிசையிலதான் நிக்கறேன். முன்னாடி இருபது பேராவது இருப்பாங்க. இன்னிக்கு ராத்திரி கிடைக்கலைன்னா விசாவுக்கு என்ன பண்றது?

இசார்கரை:
விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயம் இருக்கும்: எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. உங்களுக்கு முக்கியம் இரண்டாவது. வந்த நாளும் கிளம்பும் நாளும் சேர்ந்தேதான் 90. முன்பு பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ணுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள், அதில் கணினியே நாள் எண்ணும். அதனால் "ஒருநாள்தானே, கவனிக்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பயப்படவும் வேண்டாம். தன் கையில் இல்லாத காரணத்தால் கிளம்ப முடியாதவருக்கு விசாவை நீட்டிக்க ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) விசா சட்டத்தின் 33ஆவது பிரிவில் இடம் இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. நாள் முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும், அது முக்கியம். ஏர்போர்ட்டிலேயே புண்டஸ்போலிட்சாய் (ஜெர்மன் மத்திய போலீஸ்) அலுவலகம் இருக்கிறது, நீங்களாகவே இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நாளை காலை ஸ்டுட்கார்ட் வெளிநாட்டினர் அலுவலகம். விமானம் ரத்து என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், இரண்டு இடத்திலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், தானாகப் போய்ச் சொன்னவரைப் போலீஸ் பிடிக்காது.

பணம்: சென்னை 3,500 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே ஆளுக்கு 600 யூரோ. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் என்பதால் கம்பெனி எந்த நாட்டுடையது என்பது பொருட்டில்லை. (சென்னையிலிருந்து வரும்போது இதே கம்பெனியில் இதே கதி என்றால் இந்த விதி உதவாது.) மோசமான வானிலை மாதிரி காரணம் என்றால் 600 கிடைக்காது. இயந்திரக் கோளாறு பொதுவாக அந்தக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. சாப்பாடு, ஹோட்டல் செலவு மட்டும் எந்தக் காரணமானாலும் அவர்கள் தலையில்தான். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானமே மூடிக் கிடந்தபோதுகூட அந்தப் பொறுப்பு இருந்தது என்றுதான் 2013இல் தீர்ப்பு. இழப்பீட்டை வாங்கித் தந்து அதில் பங்கு கேட்கும் கிளெய்ம் கம்பெனிகளிடம் எடுத்தவுடன் போகாதீர்கள். முதலில் நீங்களே எழுதுங்கள். ஜெர்மனியில் மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது.

நெல்லைக்காரி_ஸ்டுட்கார்ட்:
கிடைச்சிருச்சு! வேற கம்பெனி, இன்னிக்கு ராத்திரியே. அண்ணாச்சி சொன்ன மாதிரி ஃப்ளைட் நம்பரைக் காட்டினேன். டெஸ்க்ல இருந்தவங்க முதல்ல முடியாதுன்னாங்க, விசா பக்கத்தைப் பார்த்ததும் எங்கேயோ போன் பண்ணிட்டு வந்து போட்டுக் கொடுத்தாங்க. புது டிக்கெட் நம்பர் வாங்கி அங்கேயே செக்கின் பண்ணிட்டேன். வீல்சேர் போட்டாச்சு, "படி ஏற மாட்டார்"னும் எழுத வெச்சேன். சைவம் 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணுமாம். அம்மா அதுக்குள்ள பையில இருந்த தேப்லா (குஜராத்திச் சப்பாத்தி) பாக்கெட்டை எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. வவுச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

ஒண்ணே ஒண்ணு. ஹோட்டல்ல கொடுத்தது கார்டு மெஷின் சீட்டு மட்டும்தான், அதுல அப்பா பேர் இல்லை. போதுமா?

பழைய_செக்கின்_ஆள்:
போதாதும்மா, அதை வெச்சே இழுத்தடிப்பாங்க. ஹோட்டலுக்கு மெயில் போட்டு, ரெண்டு பேர் பேரும் தேதியும் போட்ட ரெஷ்னுங் (பில்) கேளுங்க, அனுப்பிருவாங்க. ரத்தான ஃப்ளைட்டோட மெசேஜை அழிச்சிராதீங்க. அப்பாவை போர்டிங் கேட்டுக்குச் சீக்கிரமே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, வீல்சேர் ஆளுங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி கம்மியாத்தான் இருப்பாங்க.