அலைபோல் நெளியும் லேஸ் கார்டிகன்: பருத்தி நூல் வடிவம் நிற்குமா?

கேள்வி: வணக்கம். பெசன்ட் நகர் கடற்கரையில் பின்வாங்கும் அலை மணலில் விட்டுச்செல்லும் வரிகளைப் போன்ற லேஸ் (துளைகள் கொண்ட) பின்னலில், உடலோடு ஒட்டி நிற்கும் கார்டிகன் (முன்புறம் திறந்த பின்னல் சட்டை) ஒன்றைப் பின்ன விரும்புகிறேன். சென்னை வெயிலுக்குக் கம்பளி ஒத்துவராது என்பதால் பருத்தி நூலை எடுத்தால், இடுப்பு வடிவம் நிற்குமா?

பதில் 1: ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் தோன்றிய ‘ஓல்டு ஷேல்’ பின்னலைப் பாருங்கள். 18 கண்ணிகளும் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) 4 வரிசைகளும் திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் வரிசையில் மட்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து 6 கண்ணிகளைக் குறைத்து, நடுவே ஊசியில் நூலைச் சுற்றி 6 துளைகளை விடுவதால், துணி தானாகவே அலையாக வளைகிறது. அந்த வளைவு அத்தனை அழகு!

பதில் 2: பருத்திக்கு மீள்தன்மை குறைவு, தன் எடையாலேயே கீழ்நோக்கி நீளும். பருத்தியும் அக்ரிலிக் என்ற செயற்கை இழையும் கலந்த நூலே நல்லது என்பேன். இடுப்பைச் சிறிதாக்க அலைக்குள் கண்ணிகளைக் கூடுதலாகக் குறைத்தால் 18 என்ற கணக்கு குலையும். ஆகவே இரு பக்கங்களிலும் துளையில்லாத வெற்றுப் பின்னலாக ஒரு பட்டை விட்டு, இடுப்பு வளைவை அங்கேயே கொடுங்கள். மாதிரித் துண்டைத் துவைத்து, தொங்கவிட்டு உலர்த்திய பிறகே அளவெடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. பக்கப் பட்டையோடு மாதிரித் துண்டை இன்றே தொடங்குகிறேன்.