நிலாவெளி வீட்டுக் குடிபூரல் (குழு)

மாலா: பந்தல் வேலையில் வெப்பத்தாக்குப் பட்டு மயங்கிய சின்னமாமா நேற்றிரவு கண் விழித்துக் கதைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் குடிபூரலை என்ன செய்வது என்று எல்லோரும் சொல்லுங்கள்.

லண்டன் சித்தி: முருகா! நாங்கள் ரிக்கெட் போட்டுவிட்டோம்.

ரீச்சர் பெரியம்மா: பிள்ளைகளே, முதலில் நடந்ததை விளங்கிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை. தகரப் பந்தலின் கீழே வேலை செய்தவர் தலைச்சுற்று, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று சொன்ன உடனேயே, நிழலில் படுக்கவைத்து ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளைக் கரைத்துக் கொடுத்திருந்தால் அது களைப்போடு போயிருக்கும். பேச்சுத் தடுமாறி, ஆளை மாறி அறியத் தொடங்கினால் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கலாம் என்று கொண்டு அந்த நிமிடமே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும். அப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால், வியர்வையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நிரோ: மாமா எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். அதனால் வழமைபோல் இருக்கிறார் என்று நினைத்தோம்.

மாலா: ஏசியது வழமைதான். கிணற்றுப் பங்கு வழக்குக்குப் பிறகு பத்து வருடமாக முகம் பார்க்காத கணேஷ் சித்தப்பாவை, "வா மச்சான், தேநீர் குடிப்போம்" என்று அழைத்தாரே, அப்போதே நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

கணேஷ் சித்தப்பா: நான் சமாதானம் என்று நினைத்துப் பக்கத்தில் போய் இருந்துவிட்டேன்.

ரீச்சர் பெரியம்மா: அரை மயக்கத்தில் இருந்தவரின் வாயில் சோடா ஊற்றப் போனவர் யார்? அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பனடோல் தேடி ஓடியதும் வீண், ஏனென்றால் இது கிருமியால் வருகிற காய்ச்சல் அல்ல. சேட்டைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறிக்கொண்டே இருப்பதுதான் அம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியது.

நிரோ: மீன்வாடியிலிருந்து ஐஸைக் கொண்டுவந்து கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தவன் நான்தான். மாமாவில் இன்னும் சூடை மீன் மணக்கிறதாம்.

கணேஷ் சித்தப்பா: தண்ணீர் என் கிணற்றில் அள்ளியது.

மாலா: சித்தப்பா, இப்போது அது வேண்டாம். சாப்பாட்டை மாலை 5 மணிக்கு மாற்றுவோமா?

லண்டன் சித்தி: ஐயர் காலை 10.12க்குச் சுபநேரம் சொன்னவர்.

ரீச்சர் பெரியம்மா: பால் காய்ச்சுவது காலையில் நடக்கட்டும். வயதானவர்களையும் பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்களையும் மத்தியானம் பந்தலில் இருத்தாதீர்கள். தகரத்தைக் கழற்றிக் கிடுகு போடுங்கள், வாசலில் மோர்ப் பானை வையுங்கள்.

நிரோ: கிடுகுக்கு யார் காசு தருவது?

சின்னமாமா: பந்தலில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். கணேஷ் ஏன் என் கட்டிலடியில் நிற்கிறான்?

கணேஷ் சித்தப்பா: ஆளை அடையாளம் தெரிகிறது. தேறிவிட்டார்.

மாலா: நல்லது. அப்படியென்றால் தகரமா, கிடுகா?