பூக்காத சிறு கிவிக் கொடி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவிலுள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த எங்கள் மாமா, கொடைக்கானல் மேல்மலையிலுள்ள தம் தோட்டத்தில், பெரிய திராட்சை அளவில் காய்த்து, ரோமமில்லாத தோலோடு அப்படியே தின்னக்கூடிய சிறு கிவி ரகத்தை வளர்த்து வருகிறார். (தாமிரபரணிக் கரை வெயிலுக்கு இது சரிவராது, யாரும் ஆசைப்பட வேண்டாம்.) கல்தூண் பந்தலை மூடும் அளவுக்குப் படர்ந்தும், கொடியில் ஒரு மொட்டுகூட இல்லை. பெரும்பாலும் ஆண், பெண் கொடிகள் தனித்தனியாக இருப்பதாலும், பூக்கும்வரை இலையை வைத்து இனம் காண முடியாததாலும் குழப்பமாக உள்ளது. இலையுதிர்த்து உறங்குவதற்கு மார்கழி, தைக் குளிர் போதவில்லையா, அல்லது மறு ஆண்டு பூக்கும் தளிர்களைத் தரவேண்டிய கிளைகள் கவாத்தில் (கிளைகளை வெட்டிச் சீராக்குவதில்) போய்விடுகின்றனவா? மலைப்பகுதியில் வளர்த்தவர்கள், கவாத்து செய்யும் மாதத்தையும் ஆண் கொடிப் பதியன் கிடைக்கும் இடத்தையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.