கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வருகிறது: குறைந்த செலவில் ஏர் டிரையர் செய்வது எப்படி?

கேள்வி
சென்னை, வீட்டுப் பட்டறை. 2 எச்.பி. பெல்ட் கம்ப்ரஸர், 60 லிட்டர் டேங்க், 8 பாரில் கட் ஆகும். மரச்சாமானுக்கு பி.யூ. (பாலியூரிதேன்) கிளியர் வார்னிஷ் அடிக்கிறேன். முதல் பத்து நிமிடம் நன்றாக வருகிறது, பிறகு ஸ்ப்ரே கன் தண்ணீரைத் துப்புகிறது. படலத்தில் ஊசி குத்தினது போல ஓட்டைகள். டேங்க் வாயிலேயே ஃபில்டர் ரெகுலேட்டர் இருக்கிறது, ஆனால் அதன் கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட நிற்பதில்லை. பழைய ஆர்.ஓ. குடிநீர் ஃபில்டரின் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் சிலிகா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) நிரப்பி மாட்டினால் போதுமா?

பதில் 1
ஆர்.ஓ. ஹவுசிங் வேண்டவே வேண்டாம் சார். அது தண்ணீருக்கானது. தண்ணீர் அழுத்தத்தில் விரிசல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். காற்று அழுத்தத்தில் அதே விரிசல் வெடிப்பாகி, பிளாஸ்டிக் துண்டு துண்டாகப் பறக்கும். பி.வி.சி. பைப்புக்கும் இதே கதைதான்.

பதில் 2
கிண்ணம் காலியாக இருப்பதே உங்கள் நோயைச் சொல்லிவிடுகிறது. ஃபில்டர் பிடிப்பது சொட்டுத் தண்ணீரை மட்டும். பம்ப்பிலிருந்து காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாக வெளியே வருகிறது. தொடர்ந்து ஓடும்போது டேங்கும் சூடாகி, நீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிவிடுகிறது. ஹோஸில் ஆறிய பிறகுதான் சொட்டாகிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக இருப்பதும் டேங்க் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால்தான்.

கணக்கைப் பாருங்கள். 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் நீர் இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தி மறுபடி 32 டிகிரிக்கு ஆற வைத்தால் 4 கிராம்தான் ஆவியாகத் தங்கும், மீதி 23 கிராம் கொட்டிவிடும். உங்கள் பம்ப் நிஜமாகத் தருவது 5 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 5 கன அடி காற்று) என்று வைத்தால், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி. இவ்வளவையும் சிலிகா ஜெல் தலையில் கட்டினால் ஒரு கிலோ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. முதலில் ஆற வையுங்கள்.

பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் காயில் போடுங்கள். ஏசிக்குப் போடும் அரை இஞ்ச் காப்பர் ட்யூப், 10 மீட்டர் போதும். மேலே நுழைந்து கீழே வெளியேறும்படி சுற்றுங்கள். எங்கும் தொய்வு இருக்கக் கூடாது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். எதிரில் ஒரு டேபிள் ஃபேன். பம்ப் அதிர்வில் ட்யூபின் ஃப்ளேர் கழுத்து (இணைப்புக்காக விரித்த முனை) விரிசல் விடும், அதனால் பம்ப் பக்கம் கம்பி வலை போர்த்திய டெஃப்லான் ஹோஸ் ஒரு அடி கொடுங்கள். சாதாரண பி.யூ. பிளாஸ்டிக் ட்யூப் அந்தச் சூட்டில் இளகிவிடும். காயிலில் இறங்கும் தண்ணீர் டேங்கில் விழட்டும், அரை மணிக்கு ஒருமுறை டேங்க் அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறந்தால் போதும்.

பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவே பால் வால்வு எதுவும் வைக்காதீர்கள். மறந்து மூடிவிட்டால் பம்ப் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். பிரஷர் ஸ்விட்சும் சேஃப்டி வால்வும் டேங்க் பக்கம் இருப்பதால் இரண்டுக்கும் அது தெரியாது. மோட்டார் நிற்கும்போது 'உஸ்' சத்தம் முன்பைவிட நீளும். காயிலில் உள்ள காற்றும் சேர்ந்து வெளியேறுகிறது, பழுது இல்லை.

பதில் 3
காயிலுக்குப் பதில் பழைய கார் ரேடியேட்டர் போட்டால் மலிவாக முடியுமே?

பதில் 2
ரேடியேட்டர் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்துக்குச் செய்தது அண்ணா, பிளந்துவிடும். கார் ஏசி கண்டென்சர் என்றால் சரி. உள்ளே பழைய ஆயில் இருக்கும், தின்னர் விட்டு அலசி நன்றாகக் காய வைத்த பிறகே மாட்டணும். ஃப்ரிட்ஜ் கண்டென்சர் ட்யூப் மெலிசு, காற்றை நெரித்துப் பம்ப்பைச் சூடாக்கும்.

கேள்வி கேட்டவர்
புரிந்தது. அதற்குப் பிறகும் சிலிகா ஜெல் தேவையா? எதில் நிரப்புவது?

பதில் 1
பி.யூ.வுக்குத் தேவை. ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். உங்கள் ஊசி ஓட்டைகள் அப்படி வந்தவை.

2 இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், கனமான சி கிளாஸ், ஒரு மீட்டர். இரண்டு முனையிலும் அரை இஞ்சுக்கு ரெட்யூசர், உள்ளே ஸ்டீல் வலை. ஒன்றரை கிலோ சிலிகா ஜெல் மணி கொள்ளும். தட்டித் தட்டி இடைவெளியில்லாமல் நிரப்புங்கள். ஆடினால் மணிகள் உரசிப் பொடியாகும். செங்குத்தாக நிறுத்தி, காற்றைக் கீழிருந்து மேலே விடுங்கள். வரிசை: டேங்க், ஃபில்டர், சிலிகா பைப், 5 மைக்ரான் ஃபில்டர், கடைசியில் ரெகுலேட்டர். அழுத்தம் குறைந்த பிறகு தண்ணீரைப் பிரிப்பது கஷ்டம், அதனால்தான் ரெகுலேட்டர் கடைசி. சொட்டுத் தண்ணீர் பட்டால் மணி படபடவென்று வெடித்துப் பிளக்கும். எண்ணெய் பட்டால் மணி வீண், சூடாக்கினாலும் திரும்பாது.

ஈரம் ஏறினால் நீல மணி நிறம் மாறும், ஆனால் இரும்புப் பைப்பில் அது தெரியாது. எடை பாருங்கள்: 1.5 கிலோ 1.7 ஆகிவிட்டால் தட்டில் மெல்லப் பரப்பி, 120 டிகிரியில் 2 அல்லது 3 மணி நேரம் காய வையுங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு உண்டு, சமையல் அவனில் வைக்காதீர்கள். வெள்ளையே வாங்குங்கள். ரெட்யூசரைக் கழற்றும் முன் அழுத்தம் முழுக்க இறங்கணும்.

பதில் 2
மாதத்தில் ஓரிரு நாள்தான் அடிப்பீர்கள் என்றால் சிலிகா இல்லாமலும் சமாளிக்கலாம். டேங்குக்கு அடுத்து 6 மீட்டர் காப்பர் காயிலை ஐஸ் வாளிக்குள் இறக்குங்கள். 5 சி.எஃப்.எம்.முக்கு மணிக்கு ஒன்றரை கிலோ ஐஸ் கரையும். வாளியை விட்டு வெளியே வந்த உடனே, காற்று குளிர்ச்சியாக இருக்கும்போதே ஃபில்டர் இருக்கணும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் காற்று திரும்பச் சூடாகி, ஒட்டியிருக்கும் சொட்டு ஆவியாகி உள்ளே போய்விடும்.

கேள்வி கேட்டவர்
மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுவும் இதனால்தானா?

பதில் 1
அது வேறு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அறையில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. டிரையர் எதுவும் இதற்கு உதவாது. ரிட்டார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாவது) கலக்குங்கள், இல்லை வெயில் வரும்வரை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் தண்ணீரா என்று பார்க்க, கன்னின் பெயிண்ட் கப்பைக் கழற்றிவிட்டு வெறும் காற்றை ஒரு நிமிடம் பிரவுன் பேப்பரில் அடியுங்கள். காய்ந்து மறையும் புள்ளி தண்ணீர். பத்து நிமிடம் கழித்தும் கண்ணாடி போலத் தெரிந்தால் எண்ணெய், பம்ப் ரிங்கைப் பாருங்கள்.