வீட்டுக் கணினிக்கு ஆண்டிவைரஸ்: 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கணுமா?

செம்பனை_வீடு:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டில் ஒரே கணினி. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூட இணையத்தளமான டெலிமாவில் பாடம் செய்கிறார்கள். வீட்டுக்காரர் வருமான வரி இ-ஃபைலிங்கும் பேங்க் வேலையும் அதில்தான் பார்க்கிறார்.

டவுனில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென்டிரைவைச் செருகினால் கோப்புகள் எதையும் காணோம், ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கிறது. போதாததற்கு, திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ் உள்ளது" என்று ஓயாமல் வருகிறது. நாங்கள் எந்த ஆண்டிவைரசும் போட்டதே இல்லை. கடையில் கேட்டால் மூன்று கருவிக்கு ஒரு வருடம் 120 வெள்ளி என்கிறார்கள். எதை வாங்கலாம்? வீட்டில் லைன் கிடையாது, ஹேண்ட்போன் ஹாட்ஸ்பாட்தான். டேட்டாவைக் கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

ராம்ஸ்லாட்:

அக்கா, காசு கொடுக்கும் முன்னால் ஒரு காரியம். விண்டோஸ் 10இலேயே டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸ் இருக்கிறது. தனியாக வேறொன்றைப் போடாதவரை அதுதான் காவல். ஜெர்மனியிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6 வைத்து 18 புள்ளிக்கு மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் பல ஆண்டுகளாக 18ஐயோ அதை ஒட்டியோதான் வாங்கி வருகிறது. வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் கணினியில் அது உண்மையில் வேலை செய்கிறதா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது. செகண்ட் ஹேண்ட் என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது.

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ். ரியல்-டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். சுவிட்சுகள் சாம்பல் நிறமாகி, உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், யாரோ பாலிசி (மாற்ற முடியாதபடி வைக்கும் நிர்வாகக் கட்டுப்பாடு) போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

பிறகு அதே பக்கத்தில் கீழே இறங்கி எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறங்கள். வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவிகளை டிஃபெண்டர் பிடித்துவிடும். அதனால் போடுகிறவர்கள் அந்த ஃபோல்டரையோ, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சி டிரைவ் முழுவதையுமோ இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த இடத்தை டிஃபெண்டர் எட்டியே பார்க்காது. முகப்பில் பச்சை டிக் மட்டும் மாறாமல் நிற்கும்.

இன்னொன்றும் பாருங்கள். விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். முடியும் தேதி ஒன்று காட்டினால் அது கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறை, 180 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டியது. பெரிய அலுவலகங்களுக்காக வைத்த ஏற்பாடு. வீட்டுக் கணினியில் அதற்கு வேலையே இல்லை.

ஈப்போ_கேபிள்:

மூலையில் வருவது பெரும்பாலும் வைரஸ் இல்லை அக்கா. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா என்று கேட்டபோது யாரோ அலௌ அழுத்தியிருப்பார்கள். அந்தச் செய்தியை உற்றுப் பாருங்கள். தலைப்பை ஒட்டிச் சின்ன எழுத்தில் குரோம் பெயரும் ஒரு தள முகவரியும் இருக்கும். உண்மையான ஆண்டிவைரஸ் எச்சரிக்கையில் தள முகவரி வராது. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அலௌ பட்டியலில் தெரியாத தளங்கள் அத்தனையையும் நீக்கிவிடுங்கள். உடனே நின்றுவிடும். அதைச் சொடுக்கி மட்டும் எதையும் வாங்காதீர்கள், கார்டு நம்பரை வாங்கத்தான் அது வருகிறது.

பென்டிரைவ் வேறு கதை. அந்த ஷார்ட்கட்டை இரட்டைச் சொடுக்குச் செய்யாதீர்கள். அது உங்கள் கோப்புகளையும் திறந்து காட்டும், கூடவே வைரஸையும் ஓடவிடும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கோப்புகள் அழியவில்லை. ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களை ஒட்டி மறைத்திருக்கிறது, பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். முதலில் டிரைவின் மேல் வலது சொடுக்கு, டிஃபெண்டரால் ஸ்கேன். வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸில் ஹிடன் டிக்கை எடுக்கப் பார்த்தால் அது மங்கிப்போய் அசையாது, சிஸ்டம் அடையாளம் பிடித்து வைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் எடுக்க வேண்டும். அட்ரிப் கட்டளை, அடுத்து எச், எஸ், ஆர் மூன்றுக்கும் தனித்தனியாக முன்னால் கழித்தல் குறி, பிறகு பென்டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, இடச்சாய்வுக்கோடு, நட்சத்திரக் குறி. கடைசியில் சாய்கோடு எஸ், சாய்கோடு டி. கோப்புகள் வெளியே வந்ததும் ஷார்ட்கட்டை அழித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

இனி பிரிண்டுக்குப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் பென்டிரைவே தேவைப்படாது.

நீலத்திரை:

காசு கொடுத்து வாங்குவது எப்போதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பிட்டிஃபெண்டர், ஈசெட் இரண்டும் நல்லவை, பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது டிஃபெண்டரைவிட இலேசாக ஓடக்கூடியவை. மூன்று நான்கு ஹேண்ட்போனையும் சேர்த்துக் காப்பதென்றால் யோசிக்கலாம். ஆனால் வாங்கும்போது மூன்று விஷயம். உரிமம் மலேசியாவுக்கானதா என்று அட்டையில் பாருங்கள், வேறு வட்டாரத்துச் சாவி ஆக்டிவேட் ஆகாமல் போவதுண்டு. முதல் வருட விலை வேறு, புதுப்பிக்கும் விலை வேறு, ஆட்டோ ரினியூவலை வாங்கிய அன்றே நிறுத்துங்கள். இரண்டு ஆண்டிவைரஸை ஒன்றாகப் போடாதீர்கள், ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுத்து, சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் கணினி நின்றே போகும். இலவசத்தில் அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் நார்டனின் தாய் நிறுவனமான ஜென் டிஜிட்டலுடையவைதான். அதனால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இதைவிட அவசரமான ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் ஆறாம் தலைமுறை ஐ5 சிப், விண்டோஸ் 11 போடக்கூடிய சிப்புகளின் பட்டியலில் இல்லை, இன்டெலில் அது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஈஎஸ்யு என்ற நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 அமெரிக்க டாலர். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10க்கு வரும். ஆனால் சுவரில் ஓட்டை இருக்கும்போது வாசலில் காவல்காரனை மட்டும் நம்ப முடியாது.

செம்பனை_வீடு:

எல்லோருக்கும் நன்றி. மூலையில் வந்தது நின்றுவிட்டது. ஆனால் எக்ஸ்க்ளூஷன்ஸில் சி டிரைவ் அப்படியே இருக்கிறது. அந்தக் கட்டளை ஒரு தேதியையும் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் இருந்து சி டிரைவை நீக்கிவிட்டு ஸ்கேன் பண்ணினால் போதுமா தம்பி?

ராம்ஸ்லாட்:

போதாது அக்கா. எத்தனை நாள் காவல் இல்லாமல் கிடந்தது, அதற்குள் என்ன நுழைந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்பதை நம்பி பேங்க் வேலை பார்க்க வேண்டாம். இன்றைக்கே ஹேண்ட்போனில் இருந்து பேங்க், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இந்தக் கணினியில் மாற்றினால் புதியதும் போய்விடும். கணக்கில் தெரியாத பணப்பரிமாற்றம் இருந்தால் பேங்க்கையும் மோசடிப் புகார் எண்ணான 997ஐயும் உடனே அழையுங்கள்.

அடுத்து, சுத்தமாகப் புது விண்டோஸ். அந்த 120 வெள்ளியை 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) ஒன்றில் போடுங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். கணினி மெதுவாக ஓடுவதற்கும் அதுதான் மருந்து. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி காலிப் பென்டிரைவில் விண்டோஸ் 10ஐ இறக்க வேண்டும். சில ஜிபி ஆகும், அதனால் ஃபைபர் லைன் உள்ள உறவுக்காரர் வீட்டில், அவர்கள் கணினியில் செய்யுங்கள். நிறுவும்போது பழைய ஹார்ட்டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் பகுதி பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைக் கழற்றினால் கணினியே எழாது. சாவி கேட்டால் தாண்டிவிடுங்கள். அலுவலகங்களில் இருந்து வரும் இந்த வயதுக் கணினிகள் பலவற்றில் அசல் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோமா புரோவா என்பது பொருந்த வேண்டும், பெட்டியின் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள்.

டிஃபெண்டர் அப்டேட் ஆன பிறகு பழைய டிஸ்க்கை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் மாட்டி ஸ்கேன் செய்து, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள். செட்டப் கோப்பு எதையும் தொடாதீர்கள்.

ஈப்போ_கேபிள்:

டேட்டா விஷயம் ஒன்று. ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்தால் விண்டோஸ் டேட்டாவை அதிகம் இழுக்காது, ஆனால் டிஃபெண்டரின் பட்டியலும் தானாக இறங்காமல் நின்றுவிடலாம். புரொடெக்‌ஷன் அப்டேட்ஸில் போய் இரண்டு நாளைக்கு ஒருமுறை கையாலேயே செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்துங்கள். தொடர்ந்து செய்து வந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் இறங்கும், மாதக்கணக்கில் விட்டால்தான் முழுப் பொதியும் வரும்.

ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸெஸ் என்று ஒன்று இருக்கிறது, தெரியாத மென்பொருள் உங்கள் கோப்புகளை மாற்றவிடாமல் தடுப்பது, தானாக ஆனில் இருக்காது. அதையும் போட்டுவிடுங்கள். போட்ட பிறகு ஸ்கேனர் மென்பொருள் டாக்குமென்ட்ஸில் சேமிக்க முடியவில்லை என்று பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். பிளாக் ஹிஸ்டரியில் அதன் பெயர் நிற்கும், அங்கிருந்தே அனுமதி கொடுக்கலாம்.